பாலாற்றங்கரை மலைகள் – 9: முதலில் இரவுகளைக் குறியுங்கள்

மலையில் பல நாள் தொடர்ந்து நடக்க விரும்புகிறவர், தேசப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு முதலில் தேட வேண்டியவை சிகரங்களும் அல்ல, அருவிகளும் அல்ல. பொழுது சாய்ந்த பிறகு தலைக்கு மேல் ஒரு கூரையும், கையலம்பிக்கொண்டு உட்கார்ந்தால் சூடாக ஏதேனும் ஓர் ஆகாரமும் கிடைக்கக்கூடிய இடங்கள் எவை என்பதையே அவர் முதலில் தேட வேண்டும். ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்கு ஏறி அன்றே இறங்குவதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். ஒரே பகலில் முடிகிற அவ்விதப் பிரயாணத்திற்குக் கட்டுச்சோறும் தண்ணீரும் விடியற்காலை பஸ்ஸும் போதும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நின்று தெற்கே பார்த்தால், பாலாற்றுச் சமவெளிக்கு அப்பால் நீலமும் சாம்பலும் கலந்த நெடுஞ்சுவராய் எழுந்து நிற்கிற ஜவ்வாது மலையை, ஒரு புறம் ஏறி, ஊர் ஊராகத் தங்கி, மறுபுறம் செங்கத்தில் இறங்குவது என்றாலோ விஷயம் வேறாகிவிடுகிறது. அங்கே இரவுகளைத்தான் முதலில் குறிக்க வேண்டும்; பகல்கள் தாமாகவே அவற்றுக்கு இடையே வந்து அமையும்.

ஐரோப்பியர் இதை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்து தேசத்தில் 1863ஆம் ஆண்டு மலையேறுவோர் சங்கம் ஒன்று தோன்றிற்று; தோன்றிய அதே வருஷத்தில், தோடி என்னும் மலையின் சரிவில் கிரூன்ஹார்ன் என்ற இடத்தில் அது ஒரு சிறு குடிலை அமைத்தது. மறுநாள் சிகரம் ஏறப் போகிறவர்கள் முதல் நாள் இரவு அடங்கிக் கிடப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்கு மேல் அந்தக் குடிலுக்கு யாதொரு நோக்கமும் இல்லை. ஆனால் ஒரு குடிலிலிருந்து ஒரு பகல் நடையில் இன்னொரு குடில், அதிலிருந்து மற்றொன்று என்று அவை பெருகப் பெருக, சிகரத்தை நாடாமல் குடிலிலிருந்து குடிலுக்கு நடப்பதே ஒரு தனி யாத்திரையாகிவிட்டது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று தேசங்களின் வழியாக மோன்பிளாங் மலையைச் சுற்றி வரும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்ப் பாதையை இன்று பத்துப் பதினோரு நாட்களில் ஜனங்கள் இப்படித்தான் நடந்து முடிக்கிறார்கள். அவர்கள் முதுகில் கூடாரமில்லை, அடுப்பில்லை, அரிசி மூட்டையுமில்லை. மாற்றுடையும் மழைச் சட்டையும் அன்றைய பகலுக்கான உணவுமாக ஏழெட்டுக் கிலோவுக்குள் சுமை அடங்கிவிடுகிறது. சுமை குறைந்தால் வயதானவரும் நடக்கலாம். அதுவே அந்த முறையின் பேருபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஏற்பாட்டை மேல்நாட்டாரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். சபரிமலையின் பெருவழியில் தாவளந்தோறும் தங்கிச் சென்ற பக்தர்களையும், நெடுஞ்சாலைகளில் சத்திரங்களைக் கணக்கிட்டே காசி யாத்திரை புறப்பட்ட முன்னோரையும் விட்டுவிடுவோம். நாம் இப்போது நடக்க எண்ணுகிற இதே மலைப் பிரதேசத்துக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முழுமையான பிரயாணக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவதாகிய மலைபடுகடாத்தையே சொல்கிறேன். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டை இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடினார். 1889ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றியதிலிருந்து, யாழின் உறுப்புக்களுக்காகவும் மலையில் எழும் ஓசைகளின் வர்ணனைக்காகவும் புலவர்கள் அதைப் போற்றி வந்திருக்கிறார்கள். பரிசில் பெற்று வந்த கூத்தன் ஒருவன், பரிசில் நாடிப் போகிற இன்னொரு கூத்தனுக்கு, சேயாற்றங்கரையில் செங்கண்மா நகரில் இருந்த நன்னன் சேய் நன்னனிடம் போய்ச் சேரும் வழியைச் சொல்லுவதாக அமைந்தது அப்பாட்டு. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். வழியைச் சொல்லுகிறவன் வழியை மட்டுமா சொல்லுகிறான்? பொழுது போனால் எங்கே தங்கலாம், அங்கே இருப்பவர்கள் யார், என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போக வேண்டும், என்ன உண்ணக் கிடைக்கும் என்பதையெல்லாம் ஒவ்வோர் இரவாக எடுத்துச் சொல்லுகிறான்.

அவனுடைய எச்சரிக்கைகளை இன்று படித்தாலும் வியப்பு மேலிடுகிறது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், ஆகையால் நன்றாக விடிந்த பிறகே புறப்படுங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், மரங்களின் பின்னே மறைந்து கடந்து போங்கள் என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் சுனைக்கரையில் சிறுமூங்கிலைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்லுகிறான். வழி பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவர்கள் திசை தப்பாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அவன் சொல்லுமிடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவது வழக்கம். தான் தப்பினால் போதும் என்று எண்ணாமல் இன்னும் வராத வழிப்போக்கனையும் தன் கூட்டத்தில் ஒருவனாகக் கருதுகிற அந்த மனம் மிகவும் உயர்ந்தது. வீரர்களுக்கு நட்ட கற்கள் வழியில் இருக்கும் என்றும் அவன் சொல்லுகிறான். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் நூலைப் புரட்டுகிறவர்கள், பாட்டில் வரும் கற்களுக்குப் பிந்திய காலத்தவையாயினும், அதே மண்ணில் அதே வழக்கம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து வந்ததைக் கண்கூடாகக் காணலாம்.

இரவு தங்கும் இடங்களில் எனக்கு மிகவும் உவப்பானது ஆட்டு இடையர்களின் தங்கலே. மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தால், புதிதாகச் சமைக்க வேண்டிய சிரமமில்லாமல் பாலும் கூழும் கிடைக்கும். பதப்படுத்திய தோல்களால் ஆகிய படுக்கையில், தீயைத் துணையாக வைத்துக்கொண்டு இரவைக் கழிக்கலாம் என்கிறான் கூத்தன். தோல் பதனிடுவதையே ஜீவனமாகக் கொண்ட ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஊர்களில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் படுக்கை எவ்வளவு அருகில் வந்துவிடுகிறது! குரோமியம் வருவதற்கு முன்னர் நம்முடைய தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே. கடுக்காய் இன்றைக்கும் ஜவ்வாது மலைவாசிகள் காட்டில் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விற்கும் சரக்குகளில் ஒன்று. மலைக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவு பழையது.

இனி நம்முடைய பிரயாணத்துக்கு வருவோம். ஜவ்வாது மலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரிய பீடபூமி. பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்குச் சற்று முன்னும் பின்னுமான உயரத்தில், காடும் சாமைக் கொல்லைகளும் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்களும் மாறி மாறி வருகின்றன. செங்குத்தான ஏற்றம் இரு விளிம்புகளில்தான். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர்விட்டு ஊர் போகும் நடையே. குடில் விட்டுக் குடில் செல்லும் யாத்திரைக்கு இதைவிட இசைவான மலை வடதமிழகத்தில் வேறு இல்லை.

காலத்தை நிர்ணயிப்பது அடுத்த காரியம். சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கத்து வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் எந்த நாளில் வழியை அடைக்கும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீயின் பருவமாதலால் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவைக்கிறது. எஞ்சியவற்றில் சிறந்தது மார்கழிக் கடைசியிலிருந்து தை முடிய உள்ள காலம். ஓடைகளில் தண்ணீர் வற்றியிராது. ஜமுனாமரத்தூருக்கு அருகே பீமன் அருவியிலும் நீர் விழும். காலைப் பனி விலகியபின் வானம் தெளிந்திருக்கும்.

தீயின் பருவத்தைச் சொன்னேன். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்; விடுமுறை நாளில் மலையைப் பார்த்து மகிழச் சென்றவர்கள். அதன் பிறகு மலையேற்றத்திற்கு விதிகள் கடுமையாயின. அது முற்றிலும் நியாயமே. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பது 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படியே குற்றம். இதை அதிகாரிகளின் தொல்லை என்று அலுத்துக்கொள்ளுகிறவர்கள், நாம் எந்த வழியில் எந்த நாளில் எத்தனை பேராகச் சென்றோம் என்று அறிந்த ஒருவர் கீழே இருப்பது நம் உயிருக்குக் காவல் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜவ்வாது மலையிலோ இன்னொரு நுட்பமும் உண்டு. மலை ஒன்றாயினும் அது திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் காவலூர் திருப்பத்தூரைச் சேர்ந்தது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையைச் சேர்ந்தது. நடுவே எல்லைக்கோட்டைக் கடக்கிறவர் இரண்டு மாவட்ட வன அலுவலர்களுக்கும் எழுத வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாகவே, செல்லும் வழி, தங்கும் ஊர், வருவோரின் பெயர், வயது இவற்றோடு எழுதுவது உத்தமம்.

அரசாங்கமே 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக்கி, முன்பதிவு முறையோடு திறந்துவைத்தது. நம் ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அவற்றில் ஒன்று. மிக நல்ல தொடக்கம். ஆனால் அவை பெரும்பாலும் ஒரு பகலில் முடிபவை. இரவைப் பற்றிய ஏற்பாடு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

நடைத்தூரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தது அது: சமதரையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. பதினைந்து கிலோமீட்டர் நடையும் அறுநூறு மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பகலுக்கு இதன்படி நான்கு மணி நேரம் ஆகும். ஸ்காட்லாந்தின் குளிரில் நடந்த திடகாத்திரமான மனிதரின் கணக்கு அது. நம் வெயிலில், ஐம்பது வயதைக் கடந்தவர்களும் கூட வருகிற ஒரு கூட்டத்துக்கு அதனோடு பாதியைச் சேர்த்து ஆறு மணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால், ஒரு மணி நேரம் மர நிழலில் இளைப்பாறியும், இரண்டு மணிக்கு இராத்தங்கல் ஊரை அடைந்துவிடலாம். தை மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். கரடிகள் நடமாடும் காடு இது. ஆகையால் கையிலிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தை வீண் என்று எண்ணி மேலும் ஓர் ஊர் நடக்க ஆசைப்படக்கூடாது.

இப்போது இரவுகளை எண்ணுவோம். முதல் இரவு மலையடிவாரத்து ஆலங்காயத்தில். மறுநாள் ஏறி இரண்டாம் இரவு காவலூரில். அந்த இரவு சனிக்கிழமையாகவும், கூடுமானவரை அமாவாசையை ஒட்டியும் அமையுமாறு முழுப் பிரயாணத்தையும் நகர்த்திக்கொள்ளுவதில் தவறில்லை; ஏனெனில் வானியலாளர் வைணு பாப்பு இடம் தேர்ந்தெடுத்த அவ்வூர் வான ஆராய்ச்சி நிலையத்தில் பொதுஜனங்கள் வானத்தைப் பார்க்கச் சனிக்கிழமைதான் அனுமதி. 1972இல் அமைந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியும், இந்தியாவிலேயே செய்து 1986இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர்த் தொலைநோக்கியும் அங்கே உள்ளன. 1977இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களை உணர்ந்த இடங்களில் காவலூரும் ஒன்று என்பது இந்த மலைக்கே பெருமை. மூன்றாம் இரவு, வழியிலுள்ள ஒரு மலையாளிச் சிற்றூரில். நான்காம் இரவுக்கு ஜமுனாமரத்தூர். அங்கே வனத்துறையின் ஓய்வு விடுதி உண்டு, கடைத்தெருவும் உண்டு. ஐந்தாம் இரவு, கீழ்ச்செப்பிலிப் பக்கம் கூட்டமாய் நிற்கும் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளைப் பார்த்துவிட்டு மீண்டும் ஒரு சிற்றூரில். வாலியர் வீடுகள் என்று மலைமக்கள் சொல்லும் அந்தக் கற்பலகை அறைகளின் முன்னே ஒரு பிற்பகலை முழுவதும் கழிக்கலாம். ஆறாம் நாள் தெற்கே இறங்கி, சேயாற்றைத் தேக்கி நிற்கும் குப்பநத்தம் அணையைக் கடந்து செங்கம்.

காலணியைப் பற்றி, காலணியூரில் வசிக்கிறவன் என்ற உரிமையில், விரிவாகவே சொல்ல வேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் காலணியின் மேற்பகுதியாகிய அப்பரைத் தைக்கும் பெண்மணி ஒருவர், நான் மலைநடைக்கென்று வாங்கிய பூட்ஸைக் கையில் எடுத்து, விரலை உள்ளே விட்டு, நாக்குப் பகுதி இரு பக்கமும் அப்பரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். “இது தைச்சிருந்தாத்தாண்ணா ஓடையில கால் வெச்சா தண்ணி உள்ள போகாது” என்றார். பிறகு முன்பக்கத்தை மடக்கி, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தார். மடிப்பு விரல்கள் மடங்குகிற இடத்திலேயே விழ வேண்டும், அதற்கு முன்னே விழுந்தால் இரண்டாம் நாளே கொப்புளம் என்றார். “புதுசைப் போட்டுக்கிட்டு நேரா மலைக்குப் போயிடாதீங்க. ஒரு மாசம் கடைக்குப் போக வர இதையே போடுங்க. நனைஞ்சா அடுப்புக்கிட்ட வெக்காதீங்கண்ணா, தோல் வெடிச்சிடும். உள்ள பேப்பரை உருட்டி வெச்சு நெழல்ல காய விடுங்க.” அவர் சொன்ன ஒவ்வொன்றும் சத்தியம். நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான்: பல வருஷம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸை நம்பிப் புறப்படக்கூடாது. பாலியூரித்தேன் அடித்தட்டு காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்துவிடும். பார்வைக்குப் புதிதாயிருந்த பூட்ஸ் பாறையில் பத்தடி வைத்ததும் பொடிந்துபோகும். இந்த ஊர்த் தொழிலாளிகளின் கைப்பட்ட காலணிகள் எத்தனையோ தேசங்களில் நடமாடுகின்றன. அவற்றைத் தைத்தவர்களோ தம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலைக்குப் பொழுதுபோக்காய் ஒரு நாளும் ஏறியதில்லை என்று கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாயிருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் இந்தச் சமவெளிக்காரனுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பாழானதைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி அளித்த தீர்ப்பு தேசம் முழுவதற்கும் சட்டமாய் விளங்குகிறது. ஆனால் கெட்ட நிலத்தடி நீர் தீர்ப்பினால் மட்டும் திரும்பிவிடுவதில்லை. பாலாற்றுக்கும் சேயாற்றுக்கும் நீர் தரும் ஓடைகள் மேலே பிறக்கின்றன. அவற்றின் கரையில் சோப்புப் போட்டுக் குளிக்காமலும், நெகிழிப் பொட்டலத்தை எறியாமலும் வருவதை நம் பிரயாணத்தின் முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். குடிக்கும் நீரை, எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், தங்கும் வீட்டில் காய்ச்சி எடுத்துக்கொள்ளுவதே நலம்.

ஆக, ஐந்து இரவுகளில் ஆலங்காயத்துக்கும் ஜமுனாமரத்தூருக்கும் கவலையில்லை. எஞ்சியவை மூன்றே: காவலூரில் ஒன்று, நடுவழியில் ஒன்று, கீழ்ச்செப்பிலிப் பக்கம் ஒன்று. இதற்காகக் காட்டை வெட்டிச் சொகுசு விடுதிகள் எழுப்ப வேண்டுமென்று எவராவது யோசனை சொன்னால் அதை நான் முழுமூச்சாக எதிர்ப்பேன். மூங்கில் தட்டியில் மண் பூசி, சாணமிட்டு மெழுகி, திண்ணையோடு நிற்கும் மலையாளிகளின் வீடுகளைக் கண்டவர்களுக்கு அவை தூய்மையில் எந்த விடுதிக்கும் குறைந்தவையல்ல என்பது தெரியும். தை மாதத்தில் சாமை வீட்டுக்கு வந்திருக்கும். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் தேனும் நடந்து களைத்தவனுக்குப் போதாதா? ஊர்க் கவுண்டரின் சம்மதத்தோடு, ஒவ்வோர் ஊரிலும் விருப்பமுள்ள ஒரு குடும்பம் அல்லது பெண்கள் சுய உதவிக்குழு ஒன்று, வீட்டோடு ஒட்டி ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் அமைத்துக்கொள்ள வனத்துறையோ பழங்குடியினர் நலத்துறையோ உதவினால் போதும். ஓர் இரவுக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்று வரம்பிட வேண்டும். கூலியை ஊரே நிர்ணயிக்க வேண்டும். அது முழுவதும் ஊரிலேயே தங்க வேண்டும். வழிகாட்டி அந்தந்த ஊரைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும். அதுவரை, இந்தத் தையில் நடக்க எண்ணுகிறவர்கள் வனத்துறைக்கு எழுதும்போதே வன உரிமைக் குழுவையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, அவர்கள் வரச்சொன்ன நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.